பாய் கழற்றிய பாய்

பாட்டுப் பதிவதற்கான கம்ப்யூட்டர் செட்டுக்குக் கடையில் கொடுத்தது 68,400 ரூபாய். அதன் கோளாறை வீட்டுக்கு வந்து பார்த்த மேலப்பாளையத்து பாய் வாங்கியது 900 ரூபாய். என் சித்தப்பாவின் பாட்டு பதிவானது அந்த 900 ரூபாயால். ஓய்வு பெறும்வரை பேரேடு எழுதிச் சோறு தின்றவன் நான். அதனால் கணக்கை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சித்தப்பா வில்லுப்பாட்டுப் புலவர். வயது 76. தாமிரபரணியின் இரு கரையிலும் வில்லின் நாணைத் தட்டும் அவர் வீசுகோல் படாத கோயில் கொடைவிழா குறைவு. முன்பல் இரண்டு விழுந்ததும், காற்று போகிற வாயோடு சாமி முன்னால் உட்கார மாட்டேன் என்று நிறுத்திக்கொண்டார். பாட்டு மட்டும் நிற்கவில்லை. கிணற்றடியில் பல் விளக்கும்போதுகூட ஏதாவது ஒரு கதையின் நடு அடி வரும். சேரன்மகாதேவியில் என் வீட்டு உள்ளறையில் வைத்து முழுக்கதைகளையும் பதிந்துவிடலாம் என்று இறங்கினேன். பேச்சுப் போட்டிக்குப் பேரன் ஃபோனில் பதிவது போல இது முடியாது. குடத்தின் வாயில் மட்டையால் அறையும் சத்தம் ஃபோனுக்குள் போனால் தகரம் விழுந்தது போல்தான் கேட்கும்.

ஊரில் ஒரு கடையில் 'ஸ்டுடியோ செட்' என்று மொத்தமாகவே தந்தார்கள். கம்ப்யூட்டர், மைக் சத்தத்தை எண்ணாக்கி அதற்குள் அனுப்பும் ஆடியோ இண்டர்ஃபேஸ் பெட்டி ஒன்று, குரலுக்கு ஒரு கண்டன்ஸர் மைக், குடத்துக்கு ஒரு டைனமிக் மைக், இரண்டு ஸ்பீக்கர், இரண்டு ஹெட்போன். கடையின் பெயர் வேண்டாம். பொருள் எதுவும் போலி இல்லை என்பதையும் எழுதியாக வேண்டும்.

முதல் நாளே மூன்று கோளாறு. ஸ்பீக்கரிலும் பதிவிலும் ஓயாத 'ம்ம்ம்' என்ற ரீங்காரம். நடுநடுவே எண்ணெயில் கடுகு பொரிவது போன்ற படபடப்பு. மூன்றாவதுதான் மோசம்: ஹெட்போனில் தன் குரலே தனக்குப் பின்னால் வருகிறது என்று சித்தப்பா தாளம் தப்பினார். வாழ்நாளில் தாளம் தப்பாத மனிதர். குடம் அடிக்கும் என் மைத்துனரை முறைத்தார். மைத்துனர் என்னை முறைத்தார். இன்னும் நெருங்கிப் பாடுங்கள் என்று நான் சொல்ல, உதடு மைக்கின் வலையில் பட்டதும் துள்ளி எழுந்தார்.

"ஏலே, மைக் கடிக்கிறதே!"

கடைக்கு ஃபோன் செய்தேன். ரேம் போதவில்லை, இன்னொரு 16 ஜிபி போடுங்கள் என்றார்கள். 3,800 ரூபாய் கொடுத்துப் போட்டேன். ரேமைக் கூட்டினால் மைக் கடிக்காது என்று நம்பிய என் புத்தியையும் இந்த மதிப்புரையில் சேர்த்துக்கொள்ளலாம். அடுத்த முறை அழைத்தபோது மைக்கையே மாற்றச் சொன்னார்கள்.

கொடைகளுக்கு மைக்செட் போடுகிற ஒருவர்தான் மேலப்பாளையத்து பாயைச் சொன்னார். சந்தைக்குப் போகும் பக்கம், மாடியில் ஓர் அறை. செவ்வாய்க்கிழமை போகாதீர்கள், ஆட்டுச் சந்தைக் கூட்டத்தில் வண்டி நகராது. ஒரு காலத்தில் டேப் ரிக்கார்டர் பழுது பார்த்தவர். கேசட் போனதும் கம்ப்யூட்டருக்கு மாறியிருக்கிறார். பெயர்ப் பலகை கிடையாது. அலமாரியில் பழைய டெக்குகள் இன்னும் அடுக்கியிருக்கின்றன. நான் விவரம் சொல்லி முடித்ததும் அவர் கேட்டது ஒரே கேள்வி: "ஃபிரிட்ஜ் ஓடும்போது இரைச்சல் கூடுகிறதா, அண்ணாச்சி?"

நான் கவனித்ததில்லை. கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து தரட்டுமா என்று கேட்டேன்.

"அதைக் கொண்டுவந்துவிடலாம். உங்கள் வீட்டுக் கரண்டை எதில் கட்டிக் கொண்டுவருவீர்கள்?"

வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றவர் ஞாயிற்றுக்கிழமை வந்தார். அது அவருடைய பழக்கம் என்று பிறகு தெரிந்தது. வந்ததும் உள்ளறையின் விளக்கு, மின்விசிறி, கூடத்து டிவி, சமையலறை ஃபிரிட்ஜ் எல்லாவற்றையும் நிறுத்தச் சொன்னார். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கால் மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தார். சித்திரை வெயிலில் விசிறி இல்லாத அறையில் வியர்வை ஒழுக இப்படி உட்காருகிறவரைப் பார்த்தால், கூலி கொடுப்பவனுக்கு வயிறு எரியும். எனக்கும் எரிந்தது. பிறகு ஒவ்வொன்றாகப் போடச் சொல்லி, ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

அடுத்து டெஸ்டரை எடுத்துக் கம்ப்யூட்டரின் தகரக் கூடான கேபினட்டின் பின்பக்கத் திருகில் வைத்தார். மங்கலாக எரிந்தது. எனக்கு வயிறு கலங்கிவிட்டது. மீட்டரின் ஒரு முனையைப் பிளக் பாயிண்டின் ஃபேஸ் துளையிலும் மறுமுனையை மேலே உள்ள பெரிய எர்த் துளையிலும் வைத்துக் காட்டினார். 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டிய முள், எண்ணை மாற்றி மாற்றி அலைந்தது. மெயினை நிறுத்திவிட்டுப் பலகையைக் கழற்றினார். பச்சைக் கம்பி எர்த் முனையில் இல்லை. அழகாக மடித்து, கறுப்பு டேப் சுற்றிப் பெட்டிக்குள் செருகி வைத்திருந்தார்கள். பன்னிரண்டு வருடமாக என் வீட்டில் மூன்று துளைப் பிளக் பாயிண்ட் இருக்கிறது. மூன்றாவது துளை அலங்காரம்.

கம்ப்யூட்டரின் பவர் சப்ளையில் மின் இரைச்சலை வடிகட்டச் சிறு கெபாசிட்டர்கள் உண்டாம். அவை வழியாக ஒரு துளி மின்சாரம் எப்போதும் தகரக் கூட்டுக்குக் கசியும். எர்த் இருந்தால் அது மண்ணுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேபினட்டில் நின்று, யுஎஸ்பி கேபிள் வழியாக இண்டர்ஃபேஸுக்குப் போய், அங்கிருந்து மைக்கின் வலைக்கு ஏறி, வெறுங்காலோடு சிமெண்ட் தரையில் உட்கார்ந்திருக்கும் கிழவரின் உதட்டைத் தேடும். அளவு சிறிது என்பதால் கடியோடு போயிற்று. அந்த இடத்தில் உண்மையான மின்கசிவு இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கம்பியை முடுக்கிவிட்டு மறுபடி அளந்தார். ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே 228. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே 2. கொல்லையில் எர்த் குழி எங்கே என்று கேட்டு ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வைத்தார். வயர்மேனை வைத்து வீடு முழுக்கச் சோதித்தே ஆக வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார். மறுவாரமே செய்தேன்.

ரீங்காரம் பாதியாகக் குறைந்தது. மீதிப் பாதி ஸ்பீக்கரில். கம்ப்யூட்டர் ஒரு சுவரில், ஸ்பீக்கர் எதிர்ச் சுவரில் என்று இரண்டு இடத்தில் மின்சாரம் எடுத்திருந்தேன். இரண்டு எர்த் வழியும் ஆடியோ கேபிளும் சேர்ந்து ஒரு வட்டம் ஆகிவிட, மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் துடிப்பு அதில் சுற்றுகிறது. எல்லாவற்றையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பலகைக்குக் கொண்டுவந்தார். கடையில் கொடுத்த ஸ்பீக்கர் கேபிளின் முனையைக் காட்டி, ஒரு கறுப்பு வளையம்தான் இருக்கிறது பாருங்கள், இரண்டு வளையம் உள்ளதாக வாங்குங்கள் என்றார். வெளி இரைச்சலை ஏற்காத அந்த பேலன்ஸ்டு கேபிளை வாங்கி மாட்டியதும் அறை அமைதியாகிவிட்டது. கேபிள் செலவு என் கணக்கில் தனி.

படபடப்புக்குக் காரணம் இன்னும் சிறியது. கம்ப்யூட்டரை எது தாமதப்படுத்துகிறது என்று காட்டும் லேட்டன்ஸிமான் என்ற இலவச மென்பொருளை ஓடவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்பி வந்தபோது வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரின் பெயரில் சிவப்புக் கோடு நீண்டிருந்தது. இணையத்தைத் தேடும் வேலைக்காக அந்த டிரைவர் அவ்வப்போது பிராசஸரைப் பிடித்து வைத்துக்கொள்ள, அந்த நொடித் துணுக்கில் பாட்டு கிழிகிறது. பதியும்போது வைஃபையை அணைத்துவிடுவதுதான் மருந்து. கூடவே, முன்பக்கத் துளையில் இருந்த இண்டர்ஃபேஸைப் பின்பக்க யுஎஸ்பிக்கு மாற்றினார். சும்மா இருக்கும் யுஎஸ்பிக்கு மின்சாரத்தை நிறுத்தும் விண்டோஸ் அமைப்பையும் அணைத்தார். 3,800 ரூபாய் ரேம் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தது.

தாமதத்தை அவர் விளக்கிய விதத்துக்காகவே இன்னொரு 900 கொடுக்கலாம். கடைக்காரர்கள் இண்டர்ஃபேஸுக்கு உரிய டிரைவரைப் போடாமல் பொதுவான விண்டோஸ் வழியில் ஓடவிட்டிருந்தார்கள். இசைப் பதிவுக்கென்றே ஏசியோ என்று ஒரு வழி இருக்கிறது. ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் கொண்டுவந்தது. தயாரிப்பாளரின் ஏசியோ டிரைவரை இறக்கிப் போட்டார். அதில் பஃபர், அதாவது சத்தத் துளிகளைச் சேர்த்து மொத்தமாக அனுப்பும் தொட்டி, 1024 என்று இருந்தது. நொடிக்கு 48,000 துளி என்று பதியும்போது 1024 துளி சேர 21 மில்லி நொடி ஆகும். உள்ளே வர ஒரு முறை, வெளியே போக ஒரு முறை: 43.

"கொடையில் குடக்காரர் உங்களுக்கு எவ்வளவு தூரத்தில் உட்காருவார்?" என்று சித்தப்பாவிடம் கேட்டார்.

"கை நீட்டினால் தொடுகிற தூரம்."

"சத்தம் ஒரு மீட்டர் போக மூன்று மில்லி நொடி ஆகும். இந்தக் கம்ப்யூட்டர் அவரைக் கொண்டுபோய் 14 மீட்டர் தள்ளி, தெருவில் உட்கார வைத்திருக்கிறது. தாளம் எப்படி நிற்கும்?"

சித்தப்பாவின் முகம் தெளிந்ததை அப்போது பார்க்க வேண்டும். தப்பு தன் காதில் இல்லை என்று முதல் முறையாக ஒருவர் சொல்லியிருக்கிறார். மைத்துனரும் நிமிர்ந்து உட்கார்ந்தார். பஃபரை 128 ஆக்கினார் பாய். போக வர ஐந்து மில்லி நொடிச் சொச்சம். பதிந்து முடித்துச் சீர்செய்யும்போது மறுபடி 1024க்கு ஏற்றிக்கொள்ளலாம். எல்லாம் முடிந்த பிறகு இண்டர்ஃபேஸின் முகப்பில் இருந்த ஒரு சின்னப் பொத்தானைக் கட்டைவிரல் நகத்தால் அமுக்கினார். அது டைரக்ட் மானிட்டர். குரல் கம்ப்யூட்டருக்குள் போகாமலே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும். அமுக்கத் தெரிந்திருந்தால் முதல் நாளே பாடியிருக்கலாம்.

அறைக்கு வருவோம். எதிரொலியைக் குறைக்க என் சொந்த யோசனையில் பத்தமடைப் பாய் நான்கை வாங்கிச் சுவரில் அடித்திருந்தேன். பாய் ஒரு பார்வை பார்த்துவிட்டு, பாயைக் கழற்றச் சொன்னார். மெல்லிய கோரை எதையும் குடிக்காதாம். கழற்றிய இடத்தில் இலவம்பஞ்சு மெத்தை ஒன்றும், சற்று இடைவெளி விட்டு மடித்த ஜமக்காளமும் தொங்குகின்றன. பார்க்க வண்ணான் துறை போல இருக்கிறது. கேட்க நன்றாக இருக்கிறது.

குறைகள். ரசீது தருவதில்லை. ஒரு நாளைக்கு மூன்று முறை அழைத்தால் ஒரு முறை எடுப்பார். கேசட் டெக்கின் தலையைத் துடைப்பது பற்றிப் பேச ஆரம்பித்தால் நிறுத்த முடியாது. கம்ப்யூட்டர் விசிறியின் சத்தம் குரல் மைக்கில் ஏறுவதை அவர் கவனிக்கவில்லை; மூன்று மீட்டர் யுஎஸ்பி கேபிள் வாங்கி, கேபினட்டைக் கதவுக்கு வெளியே வைத்து நானே சரிசெய்தேன். கடையில் போட்டுக்கொடுத்த திருட்டுப் பதிவு மென்பொருளை என்னைக் கேட்காமலே நீக்கினார். குறையில் சேர்க்கலாமா என்று யோசித்தேன், சேர்க்கவில்லை. அந்த மென்பொருளுக்குப் பதிலாக ரீப்பர் என்ற பதிவு மென்பொருளைப் போட்டார். 60 நாள் சோதித்துப் பார்க்கலாம். வீட்டு உபயோகத்துக்கு 60 டாலர். கட்டிவிட்டேன்.

இப்போது வாரம் இரண்டு நாள் பதிகிறோம். 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்; ஒரு மைக்குக்கு மணிக்கு 520 எம்பி அளவு. குடத்து மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் ஒரு சாண் தள்ளிச் சாய்த்து வைத்தால் காற்று அறையாது. இதுவும் பாய் சொன்னதுதான்.

அவரை அழைப்பவர்களுக்கு ஒரு விஷயம். அணைக்கச் சொன்னவற்றை எல்லாம் திரும்பப் போடச் சொன்னார். ஃபிரிட்ஜைப் போட்டுக் கேட்டுவிட்டு மறுபடி அணைக்கச் சொன்னவர் அதை மறந்துவிட்டார், நானும் மறந்துவிட்டேன். மறுநாள் காலையில் தோசை மாவு பொங்கிக் கதவிடுக்கு வழியாகத் தரைக்கு இறங்கியிருந்தது. என் மனைவியிடம் மதிப்பெண் கேட்டால், ஐந்துக்கு மூன்று என்கிறாள்.