"ட்ரிஃப்ட்டுக்குத் தயார்" என்ற விளம்பரத்தை நம்பி ஈ46 வாங்கப் போகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

பிரிட்டனில் ட்ரிஃப்டிங் (பின்சக்கரங்களை வழுக்கவிட்டுக் காரைப் பக்கவாட்டில் சறுக்கி ஓட்டுவது) பழகலாம் என்று நாலைந்தாயிரம் பவுண்டு சேர்த்து வைத்துக்கொண்டு விளம்பரங்களைப் புரட்டுகிறவர்கள் தயவுசெய்து இதை முழுதாகப் படியுங்கள். ஒருவர் வாங்கிய கார் இது: பி.எம்.டபிள்யூ ஈ46 (3 சீரிஸ் கார்களில் ஒரு தலைமுறையின் குறியீடு) 330ஐ, ஐந்து கியர் மேனுவல். விளம்பரத்தில் சொல்லியிருந்தது இவ்வளவு: ட்ரிஃப்ட்டுக்குத் தயார், பின்பக்கத் தரை வலுப்படுத்தப்பட்டது, எல்.எஸ்.டி (ஒரு பின்சக்கரம் மட்டும் வீணாக வழுக்காமல் கட்டுப்படுத்தும் டிஃபரன்ஷியல்), ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் (கேபிளுக்குப் பதில் பிரேக் எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்வது), பக்கெட் சீட், ஆறு ஸ்பேர் டயர், ரோட்டிலும் ஓட்டலாம். வாங்கியவர் 4,500 பவுண்டு கொடுத்தார். முதல் ட்ராக் டேக்கு, அதாவது பந்தயத் தளத்தில் ஓட்டிப் பழகும் நாளுக்குப் போகுமுன் லிஃப்டில் ஏற்றியபோதுதான் ஒவ்வொன்றாக வெளியே வந்தது.

விற்றவர் பெயரை இங்கே போடவில்லை. அவர் போனால் இன்னொருவர் வருவார். ஆனால் இந்தக் காரில் மறைக்கிற இடங்கள் எப்போதும் அதே இடங்கள்தான். அவற்றைத் தெரிந்துகொண்டால் போதும்.

நிஸான் எஸ்13, எஸ்14, டொயோட்டா ஏஈ86 எல்லாம் புதிதாகப் பழகுகிறவர் தொட முடியாத விலைக்குப் போய் வெகுகாலமாகிறது. பின்சக்கர இழுவை, ஆறு சிலிண்டர், மேனுவல் கியர், ஊரெல்லாம் கிடைக்கும் பாகங்கள் என்று பார்த்தால் மிஞ்சுவது பெரும்பாலும் ஈ46தான். நல்ல கார். அதனால்தான் கெட்டுப்போன ஈ46களும் இதே ஆசையைக் காட்டி விற்கப்படுகின்றன.

முதலில் தரைத்தகடு. பின் அச்சைத் தாங்கும் சப்ஃப்ரேம், காரின் அடித்தகட்டில் நான்கு இடங்களில் போல்ட் போட்டு மாட்டப்பட்டிருக்கிறது. தகடு மெல்லியது. கிளட்சை உதைத்து விடும் ஒவ்வொரு முறையும் டிஃப் (இரு பின்சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் டிஃபரன்ஷியல்) முறுக்க, அந்த நான்கு இடங்களும் இழுபடும். கம்பியை மடக்கி மடக்கி நிமிர்த்தினால் ஒடிவதுபோல முதலில் ஸ்பாட் வெல்டுகள் விடும், பிறகு தகடு கிழியும். சாதாரணமாக ரோட்டில் ஓடிய ஈ46களிலேயே இது வரும். ட்ரிஃப்ட் ஆடிய காரில் வராமலிருந்தால்தான் ஆச்சரியம்.

இந்தக் காரில் நான்கு இடங்களுக்கும் மேல் புத்தம்புதிய கறுப்பு அண்டர்சீல் (துருப்பிடிக்காமல் அடிப்பாகத்தில் அடிக்கும் பூச்சு) தடிமனாக அடிக்கப்பட்டிருந்தது. மற்ற அடிப்பாகமெல்லாம் பழைய அழுக்கு. சுரண்டிப் பார்த்தால், முன்னிரண்டு இடங்களில் வலுப்படுத்தும் தகடே இல்லை. வெடிப்பில் சீம் சீலர் என்ற மூட்டு அடைக்கும் பசையைப் பூசி மூடியிருக்கிறார்கள். பின்னால் ஒரு பக்கம் மட்டும் ஒரு சிறிய தகடு, அதுவும் நான்கு மூலையிலும் புள்ளி வைத்ததுபோல ஒட்டப்பட்டிருந்தது. போதாக்குறைக்கு சப்ஃப்ரேமில் ரப்பர் புஷ்களை எடுத்துவிட்டு அலுமினியக் கட்டிகளைப் போட்டிருந்தார்கள். வலுப்படுத்திய தரையில் அது நல்ல மாற்றம். வெடித்த தரையில் அது பெரிய கேடு: ரப்பர் வாங்கிக்கொண்டிருந்த அதிர்ச்சியையும் சேர்த்துத் தகடே வாங்கும்.

முறையான வேலை எப்படி நடக்கும் என்று தெரிந்தால் போலியைக் கண்டுபிடிப்பது எளிது. சப்ஃப்ரேமை முழுவதும் இறக்க வேண்டும். பெயின்ட், சீலர் எல்லாவற்றையும் வெற்று உலோகம் தெரியும்வரை எடுக்க வேண்டும். ஒவ்வொரு வெடிப்பின் நுனியிலும் சிறு துளை போட்டு அது மேலும் ஓடாமல் நிறுத்தி, வெடிப்பை வெல்ட் செய்து, அதன்மேல் நான்கு தகடுகளையும் சுற்றிலும் வெல்ட் செய்ய வேண்டும். பிறகு எபாக்ஸி பிரைமர், சீம் சீலர், கடைசியில் அண்டர்சீல். தகட்டின் உள்ளறைகளில் ஏற்கெனவே ஃபோம் செலுத்திய கார்களும் உண்டு. வெல்டிங் சூட்டில் அது பற்றிக்கொள்ளும், அதனால் அதைப் பார்த்து எடுத்துவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். கடையில் கொடுத்தால் செலவு ஆயிரம் பவுண்டைச் சாதாரணமாகத் தொடும். இவ்வளவு வேலை செய்தவர் படம் எடுக்காமல் இருக்க மாட்டார். சப்ஃப்ரேம் இல்லாத நிலையில், பெயின்ட் அடிக்குமுன் எடுத்த படங்களைக் கேளுங்கள். இல்லை என்றால், வேலை நடக்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

நீங்களே பார்க்கவும் வழி இருக்கிறது. டிக்கியின் கார்ப்பெட்டைத் தூக்குங்கள். தகடுகள் சேரும் தையல் வரிசையில் பெயின்ட் வெடித்திருக்கிறதா, மெல்லிய துருக்கோடு ஓடுகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். பிறகு ஒருவர் காரில் உட்கார்ந்து, ஹேண்ட்பிரேக்கை இழுத்து, முதல் கியரில் கிளட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுப் பிடிக்கட்டும். இன்னொருவர் டிக்கிப் பக்கம் காது கொடுக்கட்டும். "டொக்" என்று தகடு அடிக்கும் சத்தம் வந்தால் விடாமல் தேடுங்கள். தேய்ந்த புஷ்ஷும் அந்தச் சத்தம் தரும் என்பதால், சத்தத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம்.

அடுத்தது "எல்.எஸ்.டி". பின்சக்கரம் இரண்டையும் ஜாக்கியில் தூக்கி, கியரை நியூட்ரலில் வைத்து ஒரு சக்கரத்தைச் சுற்றினால், சாதாரண டிஃப்பில் மற்றது எதிர்த்திசையில் சுற்றும். இங்கே இரண்டும் ஒரே திசையில் சுற்றின. அதைக் காட்டித்தான் எல்.எஸ்.டி என்று நம்ப வைத்திருக்கிறார்கள். உள்ளே கியர்களை வெல்ட் செய்து ஒன்றாக்கிய டிஃப்பும் அப்படித்தான் சுற்றும் என்பது வாங்கியவருக்குத் தெரியாது. வித்தியாசம் காண, ஒரு சக்கரத்தைத் தரையில் விட்டு மற்றதை மட்டும் தூக்கி, டார்க் ரெஞ்சால் திருப்புங்கள். கிளட்ச் தகடுகள் உள்ள எல்.எஸ்.டி ஓர் அளவுக்கு மேல் விசை கொடுத்தால் வழுக்கித் திரும்பும். வெல்ட் செய்தது அசையவே அசையாது.

வெல்டட் டிஃப் தவறான பொருள் என்று யாரும் நினைக்க வேண்டாம். குறைந்த செலவில் பழகுகிறவருக்கு அதுதான் சரியான வழி, நாங்களும் அதையே சொல்வோம். எல்.எஸ்.டிக்கான விலையை வாங்கிக்கொண்டு அதைக் கொடுத்ததுதான் மோசடி. அதைவிட மோசம் வெல்டிங் நடந்த விதம். டிஃப் எண்ணெயை இறக்கியபோது வெள்ளிப் பொடி மினுமினுத்தது. பின்மூடியைத் திறந்தால் ஸ்பைடர் கியர்களில் எண்ணெய்ப் பிசுக்கின் மேலேயே வெல்ட் ஓட்டியிருக்கிறார்கள்; உள்ளே நுரைத்த துளைகள், ஒரு மூட்டில் முழு வெடிப்பு. தெறித்த மணிகளைக்கூடப் பொறுக்கி எடுக்கவில்லை. அவை பேரிங்குகளுக்குள் போயிருக்கின்றன.

ஒழுங்காகச் செய்ய வேண்டுமானால் எண்ணெயை வடித்து, கியர்களைப் பிரேக் கிளீனரால் முழுவதும் கழுவி உலர்த்த வேண்டும். இதில் உயிர்போகும் ஆபத்து ஒன்று உண்டு: குளோரின் கலந்த பிரேக் கிளீனர் பட்ட இடத்தில் ஆர்க் வெல்டிங் செய்தால் பாஸ்ஜீன் என்ற நச்சுவாயு உண்டாகும். குளோரின் இல்லாதது என்று டப்பாவில் எழுதியிருப்பதை மட்டுமே வாங்குங்கள். கியர்கள் கடினமாக்கப்பட்ட எஃகு. குளிர்ந்த நிலையில் வெல்ட் செய்தால் ஆறும்போது வெடிக்கும், அதனால் முன்கூட்டிச் சூடாக்கி, கொஞ்சம் கொஞ்சமாக மாற்றி மாற்றி வெல்ட் செய்ய வேண்டும். பேரிங்குகளை ஈரத்துணியால் மூடி வைத்து, முடித்தபின் ஒரு மணிகூட இல்லாமல் கழுவிவிட்டுப் புது எண்ணெய் ஊற்ற வேண்டும்.

எஞ்சினில்தான் வாங்கியவர் மனம் உடைந்துபோனார். 330ஐ என்றால் எம்54பி30, 2,979 சி.சி, 231 குதிரைத்திறன். வி5சி பதிவுப் புத்தகத்திலும் 2,979 என்றே இருந்தது. ஆனால் பிளாக்கில் அடித்திருந்த குறி 256எஸ்5. அது 325ஐ காரின் 2,494 சி.சி எஞ்சின், 192 குதிரைத்திறன். 3.0 எஞ்சின் எப்போதோ வெந்துபோக, யாரோ 2.5 ஒன்றை இறக்கிவிட்டுச் சொல்லாமல் விற்றிருக்கிறார்கள். வெளியே இருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். 3.0 பிளாக்கில் 306எஸ்3 என்றும், 320ஐ காரின் 2.2 எஞ்சினில் 226எஸ்1 என்றும் இருக்கும். கையில் ஒரு டார்ச்சும் இந்த மூன்று எண்களும் இருந்தால் ஐந்து நிமிட வேலை.

முதல் எஞ்சின் வெந்ததற்குக் காரணமும் அருகிலேயே இருந்தது. இந்தக் கார்களின் கூலண்ட் டாங்க், தெர்மோஸ்டாட் கூடு, ரேடியேட்டர் கழுத்து எல்லாம் பிளாஸ்டிக், வயதானால் வெடிக்கும். டாங்கில் தையல் ஓரமாகக் காய்ந்த வெள்ளைக் கறை தெரிந்தால் கசிவு. டேஷ்போர்டிலுள்ள வெப்பநிலை முள்ளை நம்பவே கூடாது. சுமார் 75 பாகையிலிருந்து 110 பாகை செல்சியஸ் வரை அது நடுவிலேயே நிற்கும்படி பி.எம்.டபிள்யூ அமைத்திருக்கிறது, முள் நகரும்போது தலைக்கு மேல் வெள்ளம் போயிருக்கும். பத்துப் பதினைந்து பவுண்டுக்குக் கிடைக்கும் ஓ.பி.டி ரீடரை (காரின் கணினித் தகவலைப் படிக்கும் கருவி) செருகிப் போனில் உண்மையான வெப்பநிலையைப் பாருங்கள். எம்54-இன் பிளாக் அலுமினியம். ஒரு தடவை கடுமையாகச் சூடானாலே ஹெட் போல்ட்டுகளின் மரை உரிந்து வந்துவிடும். அதன்பின் வெறும் கேஸ்கெட் மாற்றினால் தீராது. கூலண்ட் டாங்க் வாயில் வைத்துப் பார்க்கும் பிளாக் டெஸ்டரின் நீலத் திரவம் மஞ்சளானால், சிலிண்டரில் எரிந்த வாயு கூலண்டுக்குள் வருகிறது என்று பொருள். அந்தக் காரை அங்கேயே விட்டுவிடுங்கள். இந்தக் காரில் அசல் விசிறியை எடுத்துவிட்டு, ரிலே இல்லாமல் மெல்லிய ஒயரில் மின்விசிறி மாட்டியிருந்தார்கள். ஒயரின் உறை ஏற்கெனவே உருகியிருந்தது.

ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக்கைப் பற்றிச் சொல்லும்போது கோபத்தை அடக்க முடியவில்லை. பின்சக்கரப் பிரேக் லைனை அறுத்து நடுவில் ஹைட்ரோவைப் புகுத்தி, மூட்டுகளில் வீட்டுக் குழாய் வேலைக்குரிய கம்ப்ரெஷன் ஃபிட்டிங்குகளைப் போட்டிருக்கிறார்கள். பிரேக் லைனின் அழுத்தத்துக்கு அவை செய்யப்பட்டவையே அல்ல. குழாய் முனையை முறையாக ஃப்ளேர் செய்து, அதாவது விரித்து, எம்10க்கு 1 மரையுள்ள பிரேக் நட்டுகளைத்தான் போட வேண்டும். அசல் கேபிள் ஹேண்ட்பிரேக்கையும் கழற்றி எறிந்துவிட்டார்கள். பார்க்கிங் பிரேக் இயந்திர முறையில் பிடித்து நிற்க வேண்டும் என்பது பிரிட்டன் விதி. எண்ணெய் அழுத்தத்தை மட்டும் நம்பிய ஹைட்ரோ அதற்கு ஈடாகாது. ஆக "ரோட்டிலும் ஓட்டலாம்" என்பதும் பொய். ஏர்பேக் எச்சரிக்கை விளக்கும் சாவி போட்டபோது எரியவே இல்லை. ஆரோக்கியமான காரில் அது ஒரு கணம் எரிந்து அணைய வேண்டும். அணையாமல் எரிந்தால் எம்.ஓ.டி (ஆண்டுதோறும் நடக்கும் வாகனத் தகுதிச் சோதனை) தேறாது. அதை மறைக்கத்தான் செயலிழக்க வைக்கிறார்கள்.

சீட்டின் பின்னால் பந்தய சீட்டுக்கான பாதுகாப்புத் தரமான எஃப்.ஐ.ஏ 8855-1999 ஸ்டிக்கர் இருந்தது, ஆனால் அதற்கான ஐந்தாண்டுக் கெடு தாண்டியிருந்தது. பயிற்சி நாட்களுக்கு அது பெரிய குற்றமில்லை. சீட்டின் கீழ் போல்ட் தரையில் பெரிய வாஷர்கூட இல்லாமல் மாட்டியிருந்ததுதான் குற்றம். ஸ்பேர் டயர்களில் டி.ஓ.டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் 2309, அதாவது 2009-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். அந்த வயது ரப்பர் சுழலும்போது பட்டை பட்டையாகப் பிய்ந்து வீல் ஆர்ச்சையும் பிரேக் குழாயையும் அடிக்கும். ஸ்பேசர் (சக்கரத்தை வெளிப்பக்கம் தள்ளிவைக்கும் வளையம்) போட்ட சக்கரங்களில் ஒரு போல்ட்டைக் கழற்றி எண்ணிப் பாருங்கள். ஏழெட்டு முழுச் சுற்றாவது மரை பிடித்திருக்க வேண்டும். இங்கே நாலுதான்.

இப்போது பணத்தைத் திரும்பப் பெறும் வழி. தனிநபரிடம் வாங்கினால், விளம்பரத்தில் சொன்னபடி கார் இருக்க வேண்டும் என்பதுதான் உங்கள் பிடி. வியாபாரியிடம் வாங்கினால் 2015-ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டப்படி, குறைபாடுள்ள காரை 30 நாட்களுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். "பார்த்து வாங்கியது, திரும்ப எடுக்கமாட்டோம்" என்று ரசீதில் எழுதினாலும் வியாபாரி அந்த உரிமையைப் பறிக்க முடியாது. அதனால்தான் பலர் தனிநபர்போல நடிக்கிறார்கள். விளம்பரத்திலுள்ள போன் எண்ணைத் தேடுங்கள். அதே எண்ணில் இன்னும் மூன்று நாலு கார்கள் விற்பனைக்கு இருந்தால், வி5சியில் வேறு பெயர் இருந்து "நண்பருடைய கார்" என்று சொன்னால், அவர் வியாபாரிதான். இங்கே இரண்டும் பொருந்தின.

வாங்கியவருக்குக் கைகொடுத்தது ஒரே ஒரு நல்ல பழக்கம்: விளம்பரத்தையும் மெசேஜ்களையும் அன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தார். கார் விற்ற மறுநாளே விளம்பரம் காணாமல் போயிருந்தது. ட்ராக்கில் ஓட்டாமல், பழுது பார்க்கவும் ஆரம்பிக்காமல், சம்பந்தமில்லாத ஒரு கராஜில் எழுத்து மூலம் அறிக்கை வாங்கி, 19-ஆம் நாளில் நிராகரிப்புக் கடிதம் அனுப்பியிருக்கிறார். பதிலுக்கு 14 நாள் கெடு. பதில் வராவிட்டால் சிறு வழக்கு நீதிமன்றம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 10,000 பவுண்டு வரை அங்கே கேட்கலாம், வக்கீல் இல்லாமலே.

இதே 4,500 பவுண்டுக்கு என்ன வாங்கியிருக்கலாம் என்று பலர் கேட்டார்கள். யாரும் கை வைக்காத, எம்.ஓ.டி மீதமுள்ள 325ஐ மேனுவல் சலூன். பதிவெண்ணைக் கொடுத்தால் அரசு இணையதளத்தில் பழைய எம்.ஓ.டி முடிவுகள் எல்லாம் இலவசமாகத் தெரியும்; பின் சப்ஃப்ரேம், துரு, எண்ணெய்க் கசிவு என்று எதை எந்த ஆண்டு எழுதியிருக்கிறார்கள் என்று பாருங்கள். மிச்சப் பணத்தில் முதலில் கூலிங் பாகங்கள் முழுவதையும், பிறகு தரைத்தகட்டை வலுப்படுத்தும் வேலையையும் முடியுங்கள். அதன்பின் வெல்டட் டிஃப், ஒரு நல்ல சீட். கோயில்ஓவர் (உயரம் மாற்றக்கூடிய சஸ்பென்ஷன்), ஆங்கிள் கிட் (முன்சக்கரங்களை அதிகம் திருப்ப உதவும் பாகங்கள்) எல்லாம் அடுத்த வருடம் வாங்கிக்கொள்ளலாம். பின்னால் மலிவு டயர், முன்னால் நல்ல டயர், நான்கும் ஒரே அளவு வீலில் இருந்தால் முன்டயர் தேய்ந்ததும் பின்னுக்குப் போகும். சாதாரண ரோட்டு இன்ஷூரன்ஸ் ட்ராக்கில் செல்லாது. காரில் செய்த மாற்றங்களை மறைத்தால் ரோட்டிலும் செல்லாது. ரவுண்டபவுட்டில் பழகிப் பார்க்க நினைத்தால் போலீஸ் காரையே எடுத்துக்கொண்டு போகலாம், 2002-ஆம் ஆண்டு போலீஸ் சீர்திருத்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு அதற்காகவே இருக்கிறது.

அந்த 330ஐ இப்போது அசையாமல் நிற்கிறது. நீதிமன்றம் வரை போனால், முடிவு வந்த பிறகு இதே பதிவில் சேர்த்து எழுதுகிறோம்.