ஹாலோ கோர் ஃபைபர்: மூன்று மழைக்காலம் பழகியபின்

கஞ்சிக்கோட்டில் ஓர் ஆய்வகத்தில் சேர்வதற்கு முன் பதினோரு வருடம் பொள்ளாச்சி, கோபாலபுரம், மீனாட்சிபுரம் என்று எல்லையோரத் தெருக்களில் கம்பம் கம்பமாக ஃபைபர் ஸ்பிளைஸ் போட்டவன், அதாவது இழை நுனிகளை உருக்கி ஒட்டியவன் நான். அதனால் 200 மீட்டர் ஹாலோ கோர், அதாவது நடுவே துளையுள்ள ஃபைபர், சுருளாக வந்து இறங்கியபோது, இதுவும் ஃபைபர்தானே என்று நினைத்தேன். முதல் நாளே மானம் போனது.

வழக்கம்போல ஓடிடிஆரில் மாட்டினேன். ஒளித்துடிப்பை அனுப்பி, திரும்பி வருவதைக் கோடாகக் காட்டும் கருவி அது. சாதாரண ஃபைபர் என்றால் கோடு மெதுவாகச் சரிந்துகொண்டே போகும். இங்கே இணைப்பில் ஒரு முள், அதோடு கோடு தரையில் விழுந்துவிட்டது. “கட் ஆகியிருக்கு, திருப்பி அனுப்பிடலாம்” என்றேன். கூட இருந்த பாலக்காட்டுப் பையன் மறுமுனையில் பவர் மீட்டரை வைத்துவிட்டு, “அண்ணா, வெளிச்சம் வருதே!” என்றான். ஓடிடிஆர் பார்ப்பது கண்ணாடியில் சிதறித் திரும்பும் ஒளியை. இதில் ஒளி போகும் பாதையில் கண்ணாடியே இல்லை, காற்றுதான். திரும்பி வருவது சாதாரண ஃபைபரில் வருவதில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை.

காற்றில் ஒளி எப்படி அடைபட்டு நிற்கிறது? சாதாரண ஃபைபரில் ஒளியை உள்ளேயே திருப்பும் முழு அக எதிரொளிப்பு இங்கே செல்லாது. அதற்கு நடுப்பகுதி அடர்த்தியாக இருக்க வேண்டும். எங்கள் ஃபைபரின் நுனியை மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் நடுவே காலி இடம், சுற்றிலும் ஐந்து கண்ணாடிக் குழாய்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் இன்னொரு சின்னக் குழாய். சுவர் அரை மைக்ரான் தடிமன் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று). அந்தத் தடிமனுக்கு 1 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி ஒளி சுவரை ஊடுருவி வெளியே ஓடிவிடும், 1.55 மைக்ரானில் அதே சுவர் ஒளியைத் திருப்பி அனுப்பும். திருப்புவது முழுசாக இல்லை, கொஞ்சம் கசியும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் திண்ணைக்குள் அடிக்கும் சாரலுக்கு ஒரு தட்டி போதாமல் உள்ளே இன்னொன்று கட்டுவோமே, உள்குழாயின் வேலை அதுதான். பக்கத்துக் குழாய்கள் ஒன்றையொன்று தொடவும் கூடாது. தொட்ட இடம் தடித்து, அங்கே ஒளி நழுவும்.

மிகவும் பிடித்தது வேகம். ஆஸிலாஸ்கோப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம்: 200 மீட்டரைக் கடக்கச் சாதாரண ஃபைபரில் சுமார் 980 நானோவினாடி, இதில் 670க்குள். ஆவணத்தில் படித்ததைத் திரையில் கண்ணால் பார்ப்பது தனி சுகம்.

வழியில் ஒளி தொலையும் இழப்பு விஷயத்துக்கு வருவோம். 2005 வாக்கில் வேறு வகை ஹாலோ கோரில் கிலோமீட்டருக்கு 1.2 டெசிபல் இழப்பு என்பதே பெரிய சாதனை. சுவரின் நுண்ணிய கரடு ஒளியைச் சிதறடித்து அதற்குக் கீழே போகவிடவில்லை. இந்தக் குழாய் வகையில் 2025இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டன் பல்கலைக்கழக ஆட்கள் அதை 0.091 டெசிபல் வரை இறக்கிக் காட்டினார்கள். கண்ணாடி ஃபைபரில் மிகச் சிறந்ததே 0.14 பக்கம்தான். எங்களிடம் இருப்பது அந்தச் சாதனை ஃபைபர் இல்லை. ஆனால் 200 மீட்டருக்கு அது பொருட்டே இல்லை. எனக்கு ஒளி பெரும்பாலும் தொலைந்தது நுனியில்தான்.

இரண்டாம் வாரம், கைப்பழக்கத்தில் வெட்டிய நுனியை ஆல்கஹாலில் துடைத்தேன். விளக்குத் திரி எண்ணெயை இழுப்பதுபோல அந்தக் குழாய்கள் ஆல்கஹாலை உள்ளே இழுத்துக்கொண்டன. மீட்டர் செத்துப் போனது. இரண்டு மீட்டர் வெட்டிப் போட வேண்டியதாயிற்று. இன்னொரு தடவை நுனிகளை ஒட்டும் ஸ்பிளைஸரில் வழக்கமான ஆர்க், அதாவது உருக்கும் மின்பொறி, கொடுத்தேன். மெல்லிய சுவர்கள் சுருங்கி மூடிக்கொண்டன. சூட்டைக் குறைத்து, ஆர்க்கைச் சாதாரண ஃபைபர் பக்கம் தள்ளி வைத்துத்தான் சரி செய்தேன். அப்படியும் இதன் ஒளிப்புள்ளி சாதாரணத்தைவிட இரண்டு மடங்குக்கு மேல் அகலம். நடுவில் அகலத்தை மாற்றும் துண்டு ஒன்று வேண்டும். கண்ணாடி முடிந்து காற்று தொடங்கும் இடத்தில் நூற்றில் மூன்றரைப் பங்கு திரும்பிவிடும். ஓடிடிஆரில் பார்த்த முள் அதுதான்.

அப்புறம் ஈரம். ஜூன், ஜூலையில் நுனியைத் திறந்தே விட்டால் 1380 நானோமீட்டர் பக்கம் நிறமாலையில் சீப்புப் பல் மாதிரி பள்ளங்கள் விழும். நீராவி உள்ளே போனதற்கு அடையாளம். முதல் மழைக்காலம் இதில் வீணானது. இப்போது வெட்டிய கையோடு மூடிவிடுகிறோம்.

சுருளை இறுக்கிச் சுற்றியதும் என் தப்பு. வளைவில் ஒளி நடுவிலிருந்து குழாய்களுக்குள் தாவும். பெரிய வளையத்தில் தளர்வாக மறுபடி சுற்றியதும் மறுமுனையில் வரும் ஒளியின் அளவு நன்றாகவே ஏறியது.

வீட்டு இணைய இணைப்புக்கு இது தேவையில்லை. நானோவினாடிக்குக் கணக்குப் பார்ப்பவர்களும், ஃபைபருக்குள் வாயுவை நிரப்பி அளப்பவர்களும் வாங்கலாம், நுனியைச் சீராக வெட்டும் நல்ல கிளீவரும் பொறுமையும் இருந்தால். எங்கள் சுருளில் இப்போது 193 மீட்டர் இருக்கிறது. ஆல்கஹால் தின்ற இரண்டு போக, மீதி ஐந்தும் நுனி நுனியாக வெட்டியே போனது.