குவைத்தா, கொக்குவிலா?

போன கிழமை முன்வீட்டு அக்கா கிணற்றடியில் வைத்துக் கேட்டார்: "பிள்ளை, வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போகட்டோ, இல்லை இங்கே யாழ்ப்பாணத்தில், கொக்குவிலிலேயே நாலு வீட்டில் வேலை பார்க்கட்டோ?"

கடுதாசியில் குவைத்துத்தான் முன்னுக்கு நிற்கிறது. 2015இல் வீட்டுப் பணியாளருக்கென்றே சட்டம் போட்டார்கள்: நாளுக்கு 12 மணித்தியாலத்துக்கு மேல் வேலை வாங்கக் கூடாது, கிழமைக்கு ஒரு நாள் லீவு, வருசத்துக்கு 30 நாள் சம்பளத்தோடு லீவு, பாஸ்போர்ட்டை முதலாளி பிடித்து வைக்கக் கூடாது. எங்களுடைய இலங்கையின் 2016ஆம் ஆண்டுக் குறைந்தபட்சச் சம்பளச் சட்டமோ, போட்டபோது வீட்டு வேலை செய்பவர்களைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. ஈபிஎஃப் என்கிற ஊழியர் சேமலாப நிதியும் இல்லை. வெள்ளைக்காரன் 1871இல் போட்ட கட்டளைச்சட்டம் வேலைக்காரரைப் பதிவு பண்ணத்தான், சம்பளத்துக்கு இல்லை.

சரி, ஆனால் அங்கே கதவைப் பூட்டினால் சட்டம் வெளியே நிற்கும். கபாலா முறையில் விசா முதலாளியின் கையில். தாங்க முடியாமல் வெளிக்கிட்டால் 'ஓடிப்போனவள்' என்று முறைப்பாடு.

கொக்குவிலில் சம்பளம் இழுபட்டால் தும்புத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு அடுத்த வீட்டுக்குப் போகலாம், மகள் ரியூசன் விட்டு வரும்போது வீட்டில் நிற்கலாம். அதற்காகச் சொர்க்கம் என்றில்லை. வீட்டுக்காரர் கொழும்புக்குப் போனால் அந்த நாட்களுக்குக் காசில்லை, தேத்தண்ணி தனிக் கோப்பையில், அதுவும் குசினிப் படியில் இருந்துதான்.

நான் கொக்குவில் என்றேன். அடகு நகையை நினைத்து அவர் இன்னும் யோசிக்கிறார். போவதென்றால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து, ஒப்பந்தத்தின் போட்டோக்கொப்பி ஒன்றைத் தங்கச்சியிடம் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன்.