ஆறு நொடி ஸ்பிரிண்ட்: எதில் அளப்பது, எதைப் பயில்வது

இருவர் சைக்கிளில் ஸ்பிரிண்ட் அடிக்கிறார்கள், அதாவது சில நொடி முழுவேகத்தில் மிதிக்கிறார்கள். கேடன்ஸ் (நிமிடத்துக்கு மிதிச் சுற்று) 120-ஐத் தொடும்போது இருவரின் பவர் மீட்டரிலும், அதாவது மிதிக்கும் திறனை அளக்கும் கருவியிலும், 1131 வாட். சரிசமம் என்று எழுதி மூடிவிடலாம். ஆனால் கனமான கியரில், கேடன்ஸ் 70-இல், முதலாமவர் 1100 வாட் கொடுக்கிறார். இரண்டாமவர் 916-ஓடு நின்றுவிடுகிறார். ஒருவருக்குப் பலன் தரும் பயிற்சி மற்றவருக்கு வீண் உழைப்பு. இந்த வேறுபாட்டைக் காட்டாத சோதனை, எவ்வளவு விலையுயர்ந்த மீட்டரில் செய்தாலும் பாதிச் சோதனைதான்.

முதலில் சோதனைகளை எடுத்துக்கொள்வோம். மூன்று வழிகள் புழக்கத்தில் உள்ளன.

ஒரு நொடி உச்ச வாட். எல்லோரும் பெருமையாகச் சொல்வது இதைத்தான், நம்பத்தகாததும் இதுதான். பல பவர் மீட்டர்கள் ஒரு முழுச் சுற்றின் சராசரி முறுக்குவிசையை (மிதியைச் சுழற்றும் விசை) கேடன்ஸால் பெருக்கி வாட்டைக் கணக்கிடுகின்றன. வேகம் சட்டென்று ஏறும் ஸ்பிரிண்டில் அந்தக் கணக்கு பிசகும். 1900 வாட் தெரிந்தால் குதிப்பதற்கு முன் பக்கத்து நொடிகளின் கேடன்ஸைப் பாருங்கள்: 95, 140, 97 என்று இருந்தால் அந்த 140 பொய், வாட்டும் பொய். குறைந்தது 5 நொடிச் சராசரியை எடுங்கள்.

விங்கேட். 1970-களில் இஸ்ரேலின் விங்கேட் நிறுவனத்தில் உருவானது. உடல் எடையில் 7.5 சதவீதச் சுமை வைத்து 30 நொடி முழு மூச்சாக மிதிக்க வேண்டும். 70 கிலோக்காரருக்கு 5.25 கிலோ. கடைசிப் பத்து நொடியில் எவ்வளவு சரிகிறீர்கள் என்பதை இதைப்போல் வேறெதுவும் காட்டாது. நீண்ட ஸ்பிரிண்ட் அடிப்பவருக்கு அது தேவையான தகவல். உச்சத் திறனுக்கு மட்டும் இது பொருந்தாது: வலுவான கால்களுக்கு அந்தச் சுமை லேசு, உச்ச வாட் கிடைக்கும் கேடன்ஸைத் தாண்டிக் கேடன்ஸ் எகிறிவிடும். போதாக்குறைக்கு அன்றைய நாளின் மற்ற பயிற்சியும் போச்சு.

இரண்டு கியர், இரண்டு ஸ்பிரிண்ட். எங்கள் ஓட்டு இதற்குத்தான். நன்றாக உடல் சூடேற்றிய பின், காற்றில்லாத, ஆள் நடமாட்டமில்லாத சமதளச் சாலையில்:

50-க்கு 15 கியரில் (முன்சக்கரப் பல் 50, பின்சக்கரப் பல் 15) மணிக்கு 10 கிலோமீட்டரில் உருண்டுகொண்டிருந்து, 6 நொடி முழுவேகம். ஐந்து நிமிடம் மெல்ல மிதித்து ஓய்வு. பிறகு 50-க்கு 19 கியரில் 30 கிலோமீட்டரிலிருந்து 6 நொடி. ஒவ்வொன்றையும் இருமுறை செய்து நல்லதை வைத்துக்கொள்ளுங்கள். முதலாவதில் கேடன்ஸ் 70-ஐக் கடக்கும் இடத்தையும், இரண்டாவதில் 120-ஐக் கடக்கும் இடத்தையும் எடுத்து, வாட்டை 9.55-ஆல் பெருக்கிக் கேடன்ஸால் வகுத்தால் முறுக்குவிசை நியூட்டன் மீட்டரில் கிடைக்கும்.

மேலே சொன்ன முதலாமவருக்கு 150, 90. இரண்டாமவருக்கு 125, 90. கேடன்ஸ் ஏற ஏற முறுக்குவிசை ஏறக்குறைய நேர்கோட்டில் குறையும் என்பதால் இரண்டு புள்ளிகளை இணைத்துக் கோட்டை நீட்டலாம். முதலாமவர் கோடு கேடன்ஸ் 195-இல் பூஜ்யத்தைத் தொடும். அதில் பாதி, 97 அளவில், அவர் உச்சம்: சுமார் 1195 வாட். இரண்டாமவர் கோடு 249 வரை போகும். உச்சம் 124-இல், 1132 வாட். பயிற்சி பெற்றவர்களின் உச்சம் பெரும்பாலும் 110 முதல் 130-க்குள் விழும். ஆக முதலாமவருக்குக் குறைவது வேகம். இரண்டாமவர் உச்சம் அந்த எல்லைக்குள் இருந்தாலும், 70-இல் முறுக்குவிசை பின்தங்குவதால் அவருக்குக் குறைவது விசை.

கருவிகளைப் பொறுத்தவரை, விலையைவிடக் குறைபாட்டை அறிந்து வாங்குவதே முக்கியம். இடது கிராங்க் (பெடல் பூட்டும் தண்டு) மீட்டர் ஒரு காலை அளந்து இரண்டால் பெருக்கும். இடது 48, வலது 52 என்று மிதிப்பவரின் உண்மையான 1000 வாட் 960 ஆகத் தெரியும். அதைவிட மோசம், ஸ்பிரிண்டில் அந்த விகிதமே மாறக்கூடும். இரு பெடல் மீட்டரில் இந்தச் சிக்கல் இல்லை, ஒரு சைக்கிளிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றவும் எளிது. ஆனால் புதிதாகப் பூட்டிய பெடல் முதல் சில கடும் ஸ்பிரிண்டில் இறுகி அமரும். அதன்பின் மறுபடி முடுக்கி ஜீரோ செய்யாவிட்டால் (சுமையில்லாதபோது எண் பூஜ்யம் காட்டும்படி சீரமைப்பது) எண் நகர்ந்துவிடும். கிராங்கையும் முன்பல்சக்கரத்தையும் இணைக்கும் பகுதியில் உள்ள கிராங்க் ஸ்பைடர் மீட்டர் இருப்பதிலேயே நிலையானது. பின்சக்கர ஹப் (சக்கர மையம்) மீட்டர் செயினில் கரையும் இரண்டு மூன்று சதவீதத்தைக் கழித்தே காட்டும். அது பிழையல்ல, ஆனால் பெடல் எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

உள்ளரங்க டிரெய்னரில் செய்வதானால் எர்க் மோடை அணைக்க வேண்டும். அது குறித்த வாட்டைப் பிடித்து வைக்கும்; நீங்கள் வேகமாக மிதித்தால் எதிர்ப்பைக் குறைத்துவிடும், ஸ்பிரிண்டே நடக்காது. டயரை உருளையில் அழுத்தும் வகை டிரெய்னரில் டயர் வழுக்கும். இறுகப் பூட்டிய சைக்கிள் பக்கவாட்டில் சாயாததால் எழுந்து மிதிக்கும்போது சாலை எண்ணைவிடக் குறைவாக வருவதும் இயல்பு.

எந்த மீட்டரானாலும் சைக்கிள் கம்ப்யூட்டரில், மாற்றம் வரும்போது மட்டும் பதியும் ஸ்மார்ட் ரெக்கார்டிங்கை விட்டு ஒரு நொடிப் பதிவுக்கு மாற்றுங்கள். வெளி வெப்பநிலைக்குச் சைக்கிள் பழக 15 நிமிடமாவது விட்டு ஜீரோ செய்யுங்கள்.

இனிப் பயிற்சி. விசை குறைந்தவருக்கு இரண்டு பாதை: ஜிம் அல்லது கனமான கியரில் நிலைத் தொடக்கம். ஜிம்மில் ஸ்குவாட், தூக்கக்கூடிய அதிகபட்சத்தில் 85 சதவீதம், 4 செட், செட்டுக்கு 4 அல்லது 5 முறை, இடையில் 3 நிமிட ஓய்வு, வாரம் இருமுறை. இரண்டு மூன்று மாதம் பொறுமை வேண்டும். எடையைத் தூக்கத் தெரியாதவர் முதல் மாதத்தைப் பாணியைக் கற்கவே செலவிட வேண்டியிருக்கும். நிலைத் தொடக்கம் சைக்கிளிலேயே நடப்பதால் பலன் நேரடியாகச் சேரும்: 50-க்கு 14, நின்ற நிலையிலிருந்து 8 நொடி, 5 நிமிட ஓய்வு, ஆறு முறை. ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும் என்றால் நிலைத் தொடக்கம்.

வேகம் குறைந்தவருக்கு லேசான கியரில், சிறு இறக்கத்தில், சீட்டிலேயே அமர்ந்து கேடன்ஸ் 130-க்கு மேல் 6 நொடி. இடுப்பு துள்ளினால் முதலில் சீட் உயரத்தைப் பாருங்கள். பெரும்பாலும் அரை சென்டிமீட்டர் அதிகமாக இருக்கும்.

இரண்டிலும் கெடுவது ஓய்வில்தான். தசையின் உடனடி ஆற்றல் சேமிப்பான கிரியேட்டின் பாஸ்பேட் முதல் அரை நிமிடத்தில் பாதிதான் மீளும். ஏறக்குறைய முழுமைக்கு 3 முதல் 5 நிமிடம் ஆகும். ஒரு நிமிட இடைவெளியில் பத்து ஸ்பிரிண்ட் அடிப்பவர் வியர்வையில் நனைவார், களைப்பைத் தாங்கப் பழகுவார். உச்ச வாட் இருந்த இடத்திலேயே இருக்கும். அன்றைய சிறந்ததைவிட 5 சதவீதம் இறங்கியதும் நிறுத்திவிடுங்கள், எண்ணிக்கை முடியாவிட்டாலும்.

ஆறு வாரம் கழித்து அதே மீட்டர், அதே இரண்டு கியர், அதே சாலை. நாளுக்கு நாள் இரண்டு மூன்று சதவீதம் தானாகவே ஆடும் என்பதால் 20 வாட் ஏற்றத்தை எண்ண வேண்டாம். இரண்டாமவரின் 125 நியூட்டன் மீட்டர் 135 ஆகி, 120-இல் உள்ள 90 அப்படியே இருந்தால் பயிற்சி வேலை செய்கிறது. 90-உம் 85-க்கு இறங்கியிருந்தால், கனமான கியரை ஒரு வாரம் விட்டு வேக ஸ்பிரிண்ட் ஒரு நாள் சேர்க்க வேண்டும்.