ஒரு வாரம் ஷிஃப்ட், ஒரு வாரம் சும்மா: ஜேஎஸ்ஏவா, யுனிவர்சல் கிரெடிட்டா?

முழுநேர வேலை போய், கேர் ஹோமில் கூப்பிட்டால் மட்டும் போகிற ஷிஃப்ட் மிஞ்சியபோது எனக்கு இந்தக் கேள்வி வந்தது. ரோட்டாவில், அதாவது ஷிஃப்ட் அட்டவணையில், ஒரு வாரம் மூன்று நாள் பெயர் இருக்கும், அடுத்த வாரம் வெறுமை. பிரிட்டனில் இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு அரசு உதவித்தொகைகள் உண்டு: வேலை தேடுவோருக்கான நியூ ஸ்டைல் ஜேஎஸ்ஏ (ஜாப்சீக்கர்ஸ் அலவன்ஸ்), வருமானம் குறைந்தவர்களுக்கான யுனிவர்சல் கிரெடிட். நான் எடுத்தது இரண்டாவது. அதனால் என் தராசு அந்தப் பக்கம்தான் சாயும். தொகைகள் எல்லாம் 2025-26 நிதியாண்டில், 25 வயதைத் தாண்டிய தனியாளுக்கு உரியவை.

எல்லாரும் சொல்கிற வித்தியாசங்களை வேகமாகக் கடந்துவிடுகிறேன். ஜேஎஸ்ஏவுக்குக் கடந்த 2-3 வரி ஆண்டுகளில் சம்பளத்தில் பிடிக்கும் நேஷனல் இன்சூரன்ஸ் சந்தா போதிய அளவு கட்டியிருக்க வேண்டும். 6 மாதத்தோடு முடிந்துவிடும். சேமிப்பையும் துணையின் சம்பளத்தையும் பார்க்க மாட்டார்கள். யுனிவர்சல் கிரெடிட்டில் இரண்டையும் பார்ப்பார்கள். 16,000 பவுண்டுக்கு மேல் சேமிப்பு இருந்தால் அது கிடைக்காது. அப்படிப்பட்டவர் ஜேஎஸ்ஏவுக்கே போகலாம்.

சரி, ஷிஃப்ட்டுக்கு வருவோம். ஜேஎஸ்ஏ வாரத்துக்கு 92.05 பவுண்டு. சம்பாத்தியத்தில் முதல் 5 பவுண்டைத்தான் விட்டுக்கொடுப்பார்கள். மீதி அப்படியே கழியும். குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 12.21. எட்டு மணி நேர ஷிஃப்ட் ஒன்று போனால் 97.68. ஐந்தைக் கழித்தால் 92.68. ஒரே ஷிஃப்ட்டில் அந்த வார ஜேஎஸ்ஏ முழுக்கக் காலி! பஸ் காசு வேறு நம்முடையது. யுனிவர்சல் கிரெடிட்டில் அதே ஷிஃப்ட்டுக்கு பவுண்டுக்கு 55 பென்ஸ்தான் கழியும். 44 பவுண்டு போல நமக்கு நிற்கும்.

வாரத்துக்கு 16 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்தால் உதவித்தொகையே இல்லை என்ற வரம்பும் ஜேஎஸ்ஏவில்தான் உண்டு. ரோட்டாவில் ஒரு சுழற்சி தெரிந்தால் அந்த முழுச் சுழற்சிக்கும் சராசரி எடுப்பார்கள். ஒரு வாரம் 40 மணி, மறு வாரம் பூஜ்யம் என்றால் சராசரி 20. சும்மா இருக்கும் வாரத்துக்கும் எதுவும் வராது. 24-பூஜ்யம் என்றால் சராசரி 12, தப்பித்தோம். சுழற்சியே இல்லாவிட்டால் பொதுவாக முந்தைய 5 வாரத்தின் சராசரி.

ஆனால் என்னை முடிவெடுக்க வைத்தது மணி நேரம் அல்ல, சம்பளத் தேதி. ஏஜென்சி எனக்கு 4 வாரத்துக்கு ஒருமுறை, வெள்ளிக்கிழமை போடும். சுமார் 520 பவுண்டு. ஜேஎஸ்ஏ கணக்கில் அதை நான்கு வாரத்துக்கும் 130 வீதம் பிரித்துவிட்டால் ஒரு வாரத்திலும் உதவித்தொகை மிஞ்சாது, ஷிஃப்ட்டே இல்லாத வாரம் உட்பட. வாரச் சம்பளக்காரர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை; வேலையில்லாத வாரத்துக்கு முழுத் தொகையும் வரும். அவர்களுக்கு ஜேஎஸ்ஏ மோசமில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

யுனிவர்சல் கிரெடிட்டிலும் தேதி கடிக்கும். அங்கே எப்போது வேலை செய்தோம் என்பது பொருட்டில்லை, எப்போது பணம் வந்தது என்பதே கணக்கு. விண்ணப்பித்த தேதியில் தொடங்கும் ஒரு மாதம்தான் அசெஸ்மென்ட் பீரியட், அதாவது வருமானத்தைக் கணக்கிடும் காலம். என்னுடையது 3ஆம் தேதி தொடங்கும். 2025 செப்டம்பரில் ஒரே சம்பளம், 5ஆம் தேதி: மாத முழுத் தொகையான 400.14இல் 286 கழிந்து 114.14 வந்தது. அடுத்த பீரியடில் அக்டோபர் 3, அக்டோபர் 31 என இரண்டு சம்பளமும் விழுந்தன. பே ஸ்லிப்பில் ஒரு பென்ஸ்கூடக் கூடவில்லை, ஆனால் கணக்கில் 1,040 வருமானம். உதவித்தொகை பூஜ்யம். நவம்பரில் வரவேண்டியது வராமல், 28ஆம் தேதிச் சம்பளம் வரை இழுத்துப் பிடித்தேன்.

மாதச் சம்பளக்காரர்கள் இதே பிரச்சினையில் 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள்; நான்கு தாய்மார் போட்ட வழக்கு. அந்த நவம்பரில் விதியும் மாறி, இரட்டைச் சம்பளத்தில் ஒன்றை வேறு பீரியடுக்குத் தள்ள வழி வந்தது. நான்கு வாரச் சம்பளத்துக்கு அந்தச் சலுகை இல்லை. ஆண்டுக்கு 13 சம்பளம், 12 பீரியடு. எந்தத் தேதியில் விண்ணப்பித்தாலும் இரட்டை விழும் மாதம் ஒன்று வந்தே தீரும். அது எந்த மாதம் என்று முன்கூட்டியே காலண்டரில் பார்த்து வைக்கத்தான் முடியும். நான் இப்போது அதைச் சிவப்பு மையால் சுழித்து வைக்கிறேன், முந்தைய மாதமே கொஞ்சம் ஒதுக்குகிறேன்.

இன்னொன்று: பழைய வேலையின் கடைசிச் சம்பளமும் விடுப்புப் பணமும் கைக்கு வருமுன் விண்ணப்பித்தால், அவையும் முதல் பீரியட் வருமானமாகிவிடும். தொகை பெரிதென்றால் அது வந்த மறுநாள் விண்ணப்பிப்பது லாபம். சிறிதென்றால் காத்திருப்பதில்தான் நஷ்டம், ஏனென்றால் முதல் பணம் வரவே சுமார் 5 வாரம் ஆகும்.

பிள்ளைகள் இருந்தால் ஒரு தொகைவரை சம்பாதித்தாலும் கழிவே கிடையாது. அந்தக் கணக்கை நான் வாழ்ந்து பார்த்ததில்லை. என் எண்களை அவர்கள் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அப்புறம், தகுதி இருந்தால் இரண்டையும் சேர்த்தே வாங்கலாம். ஜேஎஸ்ஏ எவ்வளவோ அவ்வளவும் யுனிவர்சல் கிரெடிட்டில் குறையும், ஆகவே கையில் கூடுதல் காசு வராது. ஜேஎஸ்ஏ இரண்டு வாரத்துக்கு ஒருமுறை வரும் என்பதால், அந்த முதல் ஐந்து வாரத்தை ஓட்ட மட்டும் கைகொடுக்கும்.