சொந்தக் கையால் செய்த கருவிகளோடு ஒரு பவளத் தொட்டி: 7 ஆண்டு அனுபவம்

மேலே 240 லிட்டர் தொட்டி, கீழே பாதி நிரம்பிய 80 லிட்டர் சம்ப், அதாவது மேலிருந்து வடியும் தண்ணீர் சேர்ந்து பம்ப் வழியே திரும்ப ஏறும் கீழ்த்தொட்டி. பாறையும் மணலும் பிடித்துக்கொண்ட இடம் போக, சுற்றி வருவது ஏறக்குறைய 260 லிட்டர் உப்புத் தண்ணீர். ஆரம்பித்தபோது ஹீட்டரையும் பம்புகளையும் மட்டும் வாங்கினேன். வடிகால் குழாய்கள், ஸ்கிம்மர் (நுரையாக்கிக் கழிவை எடுக்கும் கருவி), எல்.இ.டி. விளக்கு, தண்ணீர் நிரப்பும் அமைப்பு, பாசிச் சல்லடை, குளிரூட்டும் விசிறி எல்லாம் வீட்டில் செய்தவை. 7 ஆண்டுகள் ஆகிவிட்டன. சில இன்றும் ஓடுகின்றன, சிலவற்றைக் கழற்றிப் போட்டுவிட்டேன். எது நின்றது, எது போனது, ஏன் என்பதை எழுதுகிறேன். இந்த வேலையில் இறங்குகிற யாருக்காவது ஓர் இறால் மிச்சமானால்கூட எனக்குச் சந்தோஷம்.

இறாலைச் சொல்லக் காரணம் இருக்கிறது. என் கையால் செய்த கருவி கொன்ற முதல் உயிர் அதுதான்.

தொட்டியிலிருந்து ஆவியாவது வெறும் தண்ணீர், உப்பு உள்ளேயே தங்கிவிடும். என் தொட்டியில் நாளுக்கு 3 முதல் 4 லிட்டர் போகிறது. மூன்று நாள் ஊற்றாமல் விட்டால் 35 பி.பி.டி.யில் (ஆயிரத்தில் 35 பங்கு) இருந்த உப்பு ஏறக்குறைய 36.5 ஆகிவிடும். அதனால் தானாக நிரப்பும் அமைப்பைத்தான் முதலில் செய்தேன்: சம்பில் ஒரு ஃப்ளோட் ஸ்விட்ச் (நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவை ஸ்விட்ச்), பக்கத்தில் 20 லிட்டர் ஆர்.ஓ. தண்ணீர் கேன், அதற்குள் சின்ன பம்ப். ஸ்விட்ச் இறங்கினால் பம்ப் ஓடும், ஏறினால் நிற்கும். இரண்டு மாதம் ஒரு குறையும் இல்லை. பிறகு ஒரு நாள் காலையில் கேன் காலியாகக் கிடந்தது, உப்பு 32.5க்கு இறங்கியிருந்தது.

ஸ்விட்ச் சரியாகவே வேலை செய்திருந்தது. தவறு குழாயில். கேனை ஒரு பலகைமேல் தூக்கி வைத்திருந்தேன், குழாயின் முனையோ சம்ப் தண்ணீருக்குள் மூழ்கியிருந்தது. பம்ப் நின்ற பிறகும் சைஃபன் (மேலிருந்து கீழே தண்ணீர் குழாய் வழியே தானாக இழுபடுவது) பிடித்துக்கொண்டு, கேனிலிருந்த அத்தனை நல்ல தண்ணீரையும் இரவோடு இரவாக இழுத்துவிட்டது. மின்சாரம் நின்றால் மேலிருந்து வடியும் தண்ணீருக்காகச் சம்பில் இடம் விட்டிருந்தேன். அந்த இடம் இருந்ததால் தரை நனையவில்லை. பவளங்கள் நான்கைந்து நாள் மூடியே கிடந்துவிட்டுத் திரும்பி வந்தன. க்ளீனர் இறால் திரும்பவில்லை. உப்புச் செறிவு சட்டென்று மாறினால் இறால்கள் தாங்குவதில்லை என்பதைப் படித்திருந்தேன், ஆனால் அதைக் குழாயோடு சேர்த்து யோசிக்கவில்லை.

இப்போது கேன் சம்பின் நீர்மட்டத்துக்குக் கீழே தரையில் நிற்கிறது. குழாய் முனை தண்ணீருக்கு ஒரு சாண் மேலே, காற்றில் இருக்கிறது. ஃப்ளோட்டைச் சுற்றி ஓட்டைகள் போட்ட பி.வி.சி. குழாய்க் கூண்டு ஒன்று உண்டு, ஏனென்றால் நத்தை ஏறி உட்கார்ந்து மிதவையை அழுத்தினால் பம்ப் நிற்கவே நிற்காது. அதற்கு மேலே இரண்டாவது ஃப்ளோட் ஒன்று தொடர் இணைப்பில் இருக்கிறது. கீழது மாட்டிக்கொண்டாலும் மேலது இணைப்பைத் துண்டித்துவிடும். ஃப்ளோட்டுக்குள் இருப்பது மெல்லிய ரீட் ஸ்விட்ச், காந்தம் நெருங்கினால் இயங்கும் சின்ன ஸ்விட்ச். பம்பின் மின்னோட்டத்தை நேராக அதன் வழியே விட்டால் தொடுமுனைகள் நாளடைவில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும், அதனால் நடுவில் ரிலே, அதாவது சின்ன மின்னோட்டத்தால் பெரிய மின்னோட்டத்தைத் திறந்து மூடும் ஸ்விட்ச். எல்லாவற்றையும் இயக்கும் ஆர்டுயினோ என்ற சின்னக் கணினிப் பலகையில் ஒரே ஒரு விதி கூடுதலாக எழுதியிருக்கிறேன்: பம்ப் தொடர்ந்து 3 நிமிடம் ஓடினால் நிறுத்திவிட்டு ஒலி எழுப்பு. கேனையும் 10 லிட்டராகக் குறைத்துவிட்டேன். இத்தனையையும் மீறி முழுக் கேனும் உள்ளே போனாலும் உப்பு 33.7க்குக் கீழே இறங்காது. இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை கேனை நிரப்பும் வேலை கூடியது, அதை விரும்பியே செய்கிறேன்.

அதன் பிறகு எந்தக் கருவியைச் செய்தாலும் அது பழுதானால் தொட்டிக்கு என்ன ஆகும் என்பதை முதலில் காகிதத்தில் எழுதுகிறேன், வேலை செய்யும் விதத்தை அப்புறம்தான் யோசிக்கிறேன்.

அந்தக் கணக்கில் எனக்கு மிகவும் பிடித்தது மேல் தொட்டியிலிருந்து சம்புக்கு இறங்கும் மூன்று குழாய் வடிகால். பீன்அனிமல் என்ற பெயரில் இந்தப் பொழுதுபோக்கில் பலரும் அறிந்த வடிவம்தான். முதல் குழாய் முழுக்கத் தண்ணீர் நிரம்பிச் சைஃபனாக ஓடும், காற்று கலக்காததால் சத்தமே வராது. இரண்டாவதில் ஒரு சின்ன ஓடை மட்டும். மூன்றாவது வறண்டே இருக்கும், அவசரத்துக்கு. முதல் குழாயின் வால்வைத் திருகி அளவு பிடிக்க வேண்டும், அதற்கு கேட் வால்வ் போடுங்கள். நான் முதலில் பால் வால்வ் போட்டேன். அதில் மயிரிழை நகர்த்தினாலும் ஓட்டம் பெரிதாக மாறும், அமைதியான இடம் பிடிபடவே இல்லை.

நான்காவது ஆண்டில் ஓர் இரவு தொட்டிப் பக்கமிருந்து தொண்டை கொப்பளிப்பது போலச் சத்தம். எழுந்து பார்த்தால் மூன்றாவது குழாய் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. டர்போ நத்தை ஒன்று முதல் குழாயின் வாயில் அடைத்துக்கொண்டிருந்தது. ஒரே குழாய் இருந்திருந்தால் அன்றைக்கு அறை முழுக்க உப்புத் தண்ணீர்தான். பழுது நடந்தது, தொட்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, அதுவே என்னைக் கூப்பிட்டும் சொன்னது. 7 ஆண்டுகளில் நான் செய்தவற்றில் இதைவிட நல்ல கருவி இல்லை, இத்தனைக்கும் இதில் மின்சாரமே கிடையாது. மேலே தண்ணீர் ஏற்றும் ரிட்டர்ன் குழாயிலும் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சின்ன ஓட்டை போட்டிருக்கிறேன். மின்சாரம் போனதும் காற்று புகுந்து பின்னோட்டத்தை அறுத்துவிடும். ஓட்டையைக் கோரலைன் பாசி (சுண்ணாம்பு போல இறுகிப் படியும் பாசி) மூடிக்கொள்ளும், மாதம் ஒருமுறை குச்சியால் குத்திவிட வேண்டும்.

ஸ்கிம்மரைப் பற்றி நல்லதாகச் சொல்ல ஆசைதான். அக்ரிலிக் குழாயை வெட்டி, ஒட்டி, பம்பின் இம்பெல்லரில் (சுழலும் இறக்கையில்) வலைத் துண்டைக் கட்டி, காற்றைப் பொடிக் குமிழிகளாக உடைக்க வைத்தேன். புரதக் கழிவு குமிழியின் மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டு நுரையாக மேலேறும், கோப்பையில் கரும்பச்சைச் சாறு சேரும். முதல் மூன்று மாதம் அருமையாக இழுத்தது. பிறகு வலையில் வழவழப்பு படிந்து காற்றின் அளவு குறைந்துகொண்டே போனது. இரண்டாம் ஆண்டில் ஒட்டிய இடங்களில் மெல்லிய விரிசல்கள் தெரிந்தன. விலைக்கு வாங்கியதை வைத்தேன், கோப்பையில் சேர்ந்த அழுக்கு உடனே கூடியது. ஸ்கிம்மரைச் செய்வதில் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது, ஆனால் நம்பி வைக்க வாங்கியதே நல்லது என்பது என் தீர்ப்பு.

அதற்கு நேர்மாறு பாசிச் சல்லடை. ஸ்மித்சோனியன் நிறுவனத்தில் வால்டர் ஏடி என்ற ஆய்வாளர் உருவாக்கிய கருத்து இது: சொரசொரப்பான பரப்பில் தண்ணீரை மெல்லிய படலமாக ஓடவிட்டு, பலமான வெளிச்சம் கொடுத்தால் பாசி அங்கே வளர்ந்து நைட்ரேட்டையும் பாஸ்பேட்டையும் உறிஞ்சிக்கொள்ளும். பிளாஸ்டிக் வலைத் தாளை ரம்பத்தால் கீறி, பிளவு வெட்டிய பி.வி.சி. குழாயிலிருந்து தொங்கவிட்டேன். இரு பக்கமும் 660 நானோமீட்டர் சிவப்பு எல்.இ.டி. முதல் சில வாரம் பழுப்பு வழவழப்புதான் வரும், மனம் தளரக் கூடாது. ஒன்றரை மாதத்தில் பச்சை முடி போலப் பாசி பிடித்தது. வாரம் ஒருமுறை சுரண்டி எடுக்கிறேன், ஒரு கைப்பிடி வரும். தொட்டிப் பாறைகளில் இருந்த பாசி படிப்படியாகக் காணாமல் போனது. ஒன்றை மட்டும் கவனியுங்கள்: இதன் விளக்கோ பம்போ நின்றால் பாசி செத்து அழுகி, உறிஞ்சியதையெல்லாம் தண்ணீருக்கே திருப்பிக் கொடுத்துவிடும். நின்று ஒரு நாளுக்கு மேல் ஆகிவிட்டால் வலையைத் தூக்கிக் கழுவிவிடுங்கள்.

விளக்கு. வெப்பத்தை வெளியேற்றும் அலுமினிய ஹீட் சிங்கில் வெள்ளையும் 450 நானோமீட்டர் நீலமுமாக எல்.இ.டி.களை வரிசையாக ஒட்டி, நிலை மின்னோட்ட டிரைவரில் இணைத்தேன். முதல் வாரமே முழு வெளிச்சத்தில் விட்டது என் அவசரம். மான்டிபோரா என்ற பவளம் ஒன்று வெளுத்துப்போனது, தனக்குள் குடியிருந்த நுண்பாசிகளை அது வெளியே தள்ளிவிட்டது. குறைந்த வெளிச்சத்தில் தொடங்கி வாரங்களாக ஏற்றியிருக்க வேண்டும். ஐந்தாம் ஆண்டில் தெறித்த உப்பு சாலிடர் இணைப்புகளைத் தின்றது. தொடர் இணைப்பில் ஒன்று போனால் வரிசை முழுதும் அணைந்துவிடும், எது போனது என்று தேடுவதற்கே ஒரு மாலை ஆகும். அடியில் அக்ரிலிக் தகடு போட்டபின் அந்தத் தொல்லை இல்லை. அதை முதல் நாளே போட்டிருக்கலாம்.

குளிரூட்ட இரண்டு கணினி விசிறிகள் நீர்ப்பரப்பின் மேல் ஓடுகின்றன. 1 லிட்டர் ஆவியாக ஏறத்தாழ 2,400 கிலோஜூல் வெப்பம் வேண்டும். கணக்குப்படி அது என் 260 லிட்டரை 2 டிகிரிக்குச் சற்று மேல் குளிர்விக்கும். காற்றில் ஈரம் அதிகமானால் பலன் குறையும், நிரப்ப வேண்டிய தண்ணீரும் கூடும். வெப்ப சென்சாரின் எஃகு உறை 8 மாதத்தில் துருப்பிடித்தது. இப்போது அதை பிளாஸ்டிக் குழாய்க்குள் எபாக்சியில் மூடி வைத்திருக்கிறேன், கொஞ்சம் மெதுவாகக் காட்டுகிறது, அதனால் ஒன்றும் கெட்டுவிடவில்லை.

ஹீட்டர் கட்டுப்பாட்டை ஒரே ஒரு ரிலேயை நம்பி விடாதீர்கள். என்னுடையது ஒருமுறை ஒட்டிக்கொண்டு அணையாமல் நின்றது. ஹீட்டரின் சொந்த தெர்மோஸ்டாட்டை ஒரு டிகிரி மேலே வைத்திருந்ததால் அது அணைத்தது. 30 மில்லி ஆம்பியர் மின்கசிவுத் துண்டிப்பான் இல்லாமல் இந்தத் தண்ணீருக்குள் கையே விடாதீர்கள். ஒவ்வொரு கம்பியும் ப்ளக் பாயின்ட்டுக்குக் கீழே தொங்கி, பிறகு மேலேற வேண்டும், அப்போதுதான் வழியும் துளி ப்ளக்குக்குள் போகாது.

பவளங்கள் வளரத் தேவையான கால்சியமும் பைகார்பனேட்டும் ஊற்ற இரண்டு பெரிஸ்டால்டிக் பம்புகளை (ரப்பர் குழாயை நசுக்கி நசுக்கித் திரவத்தைத் தள்ளுபவை) வாங்கினேன், பெட்டியும் நேரக் கட்டுப்பாடும் என்னுடையவை. உள்ளே இருக்கும் ரப்பர் குழாய் தளர்ந்துகொண்டே போகும், ஊற்றும் அளவும் நகர்ந்துகொண்டே போகும். மாதம் ஒருமுறை அளவுக் குவளையில் பிடித்துப் பார்க்கிறேன். இரண்டு கரைசலும் தொட்டியில் ஒரே இடத்தில் விழக் கூடாது, வெள்ளையாகப் படிந்து இரண்டும் வீணாகும். கேனைப் போலவே இங்கேயும் புட்டியில் ஒரு வாரத் தேவைக்கு மேல் ஊற்றி வைப்பதில்லை.

பொருட்கள் பற்றி: பித்தளை, செம்பு வேண்டவே வேண்டாம், முதுகெலும்பில்லாத உயிர்களுக்கு செம்பு நஞ்சு. துருப்பிடிக்காத எஃகு என்று விற்கும் திருகும் இந்தத் தண்ணீரில் துருப்பிடித்தது, இப்போது நைலான் திருகுகள்தான். சிலிக்கோனில் பூஞ்சைத் தடுப்பு மருந்து கலக்காததாகப் பார்த்து வாங்குங்கள்.

அடுத்து மாற்றப்போவது வடிகாலின் முதல் குழாயிலுள்ள கேட் வால்வை. சுண்ணாம்பு படிந்து இறுகிவிட்டது, போன மாதம் திருப்பவே முடியவில்லை. இந்த முறை இரண்டு பக்கமும் யூனியன் (திருகிக் கழற்றும் இணைப்பு) வைத்து ஒட்டுகிறேன், அடுத்த தடவை குழாயை அறுக்காமல் கழற்றி வினிகரில் ஊறவைக்கலாம்.