ரோட்டவேட்டரை எங்கே இறக்கி வைப்பது, எப்படி மாட்டுவது: மண் தரை, சிமெண்டுத் தளம், உருளும் ஸ்டாண்டு, குவிக் ஹிட்ச்

டிராக்டர் விபத்து என்றாலே வண்டி கவிழ்வதுதான் நம் நினைவுக்கு வரும். கருவி மாட்டும்போது விரல் நசுங்குவதும், இறக்கி வைத்த சட்டிக்கலப்பை (வட்டத் தட்டுகளால் உழுவது) காலில் சாய்வதும் பேச்சிலேயே வருவதில்லை. சுழலும் கத்திகளால் மண்ணைப் புரட்டும் ஆறடி ரோட்டவேட்டர் பெரும்பாலும் 400 கிலோவைத் தாண்டும். ஒன்பது கொழு உள்ள ‘ஒன்பது கலப்பை’ பெரும்பாலும் 200 கிலோவுக்குக் குறையாது. சாயத் தொடங்கிவிட்டால் இதையெல்லாம் ஆள் பிடித்து நிறுத்த முடியாது.

கருவியை இறக்கி வைப்பது வேறு வேலை, மாட்டுவது வேறு வேலை என்றே பலரும் நினைக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. மாட்டும்போது வருகிற ஆபத்தில் பாதி, போன முறை அதை இறக்கி வைத்த விதத்திலேயே இருக்கிறது. அதனால் வைக்கும் இடத்தை முதலில் பார்ப்போம். 45, 50 எச்.பி. வண்டி ஒன்று, ரோட்டவேட்டர், ஒன்பது கலப்பை, சில வீடுகளில் ஒரு சட்டிக்கலப்பை என்ற அளவை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன்.

பெரும்பாலோர் வைப்பது மண் தரையில்தான், களத்து ஓரத்திலோ வேப்பமரத்தடியிலோ. செலவு கிடையாது. ஆனால் ரெண்டு மழை பெய்தால் கத்திகள் ஒரு பக்கம் கூடுதலாக இறங்கி, கருவி கோணலாக நின்றுவிடும். லோயர் லிங்க், அதாவது வண்டியின் பின்னால் கருவியைத் தூக்கும் ரெண்டு இரும்புக் கைகள், மாட்டும் ரெண்டு பின்களும் ஆளுக்கொரு உயரத்தில் இருக்கும். வலது லிங்கை லெவலிங் ஹேண்டிலைச் சுற்றி ஏற்றி இறக்கலாம். பெரும்பாலான வண்டிகளில் இடது லிங்குக்கு அந்த வசதி இல்லை. இடது பக்கம் புதைந்துவிட்டால் கடப்பாரையோடு ரெண்டு பேர் நெம்ப வேண்டியதுதான். நம் கை சிக்கிக்கொள்வது அந்த நேரத்தில்தான். ஈர மண்ணில் கிடக்கும் கத்தி துருப்பிடிப்பது தனிக் கதை.

அடுத்தது சிமெண்டுத் தளம். பத்துக்குப் பத்தடி, நான்கு அங்குல கனம் இருந்தால் ஒரு ரோட்டவேட்டருக்குப் போதும். அதன்மேல் புளிய மரக் கட்டையோ பழைய ரயில் ஸ்லீப்பர் கட்டையோ போட்டு, ரோட்டவேட்டரோடு வந்த முன் ஸ்டாண்டையும் இறக்கிவிட்டால் கருவி மாதக்கணக்கில் அசையாது. இறக்கிய உயரத்திலேயே நிற்கும். கட்டைக்குப் பதிலாகப் பழைய டயர் போடுகிறவர்கள் உண்டு. ஒன்பது கலப்பைக்கு அது சரிப்படும், ரோட்டவேட்டருக்குச் சரிப்படாது. டயர் அமுங்கி எழும்பும், கருவி ஆடும், கருவியின் பின் லிங்க் ஓட்டைக்கு நேராக நிற்காது. ஹாலோ பிளாக் மட்டும் வைக்கவே வைக்காதீர்கள். ஒரே இடத்தில் பாரம் இறங்கினால் அது விரிசல் காட்டி எச்சரிக்காது, சட்டென்று நொறுங்கும்.

மூன்றாவது, பட்டறையில் சேனல் இரும்பில் செய்து வாங்கும் உருளும் ஸ்டாண்டு. இதில் ஒரு பெரிய லாபம் உண்டு. வண்டியை அங்குலம் அங்குலமாக ரிவர்ஸ் எடுப்பதற்குப் பதில், என்ஜினை அணைத்துவிட்டு, கருவியைத் தள்ளி லிங்குக்கு நேராகக் கொண்டுவரலாம். ஆனால் தளம் வழவழப்பாகவும் மட்டமாகவும் இருந்தால்தான் இதற்கு அர்த்தம். லேசான சரிவு இருந்தாலே 400 கிலோ தானாக உருண்டு வரும். நாலு சக்கரத்திலும் பிரேக் வேண்டும், கூடவே அடைகட்டை வேண்டும். சக்கரம் வாங்கும்போது மூன்றே சக்கரம் மொத்தப் பாரத்தையும் தாங்குகிற மாதிரிக் கணக்குப் போடுங்கள். தரையில் சின்ன மேடு பள்ளம் இருந்தால் நாலாவது சக்கரம் அந்தரத்தில் நிற்கும்.

கழற்றாமல் வண்டியிலேயே விடுவதும் ஒரு வழிதான். உழவு நடக்கும் நாட்களில் அதில் தப்பில்லை, கருவி முழுக்கத் தரையில் இறங்கியிருக்க வேண்டும், அவ்வளவுதான். தூக்கி நிறுத்திவிட்டுப் போவதை மன்னிக்கவே முடியாது. ஹைட்ராலிக்கில் எண்ணெய் கசிந்து மெல்ல இறங்கும். அதைவிட மோசம், என்ஜின் அணைந்திருந்தாலும் ஒரு பிள்ளை லிவரைத் தள்ளினால் கருவி தன் எடையிலேயே கீழே வந்துவிடும்.

சரி, மாட்டும் விஷயத்துக்கு வருவோம். ரெண்டு பேர் சேர்ந்து மாட்டினால் பாதுகாப்பு என்று எல்லோரும் நம்புகிறார்கள். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பெரிய டயருக்கும் ரோட்டவேட்டருக்கும் நடுவில் நின்றுகொண்டு, கையில் லிங்கைப் பிடித்தபடி "வா, வா, இன்னும் கொஞ்சம், போதும்" என்பார். கிளட்சில் இருக்கும் கால் வழுக்கினால் வண்டி ஒரு சாண் பின்னால் வரும். நடுவில் நிற்பவருக்கு அந்த ஒரு சாண் இடம்கூட இருக்காது. துணைக்கு ஆள் இருந்தால் அவர் டயருக்கு வெளியே, ஓட்டுபவர் கண்ணில் படும்படி நிற்கட்டும். என்ஜின் அணைந்த பிறகுதான் உள்ளே வரவேண்டும்.

தளம் நன்றாக இருந்தால் ஒரே ஆள் நிதானமாக மாட்டுவதையே நான் தேர்ந்தெடுப்பேன். நேராக ரிவர்ஸ் எடுத்து, லிங்குகளை இறக்கி, ஹேண்ட் பிரேக் போட்டு, என்ஜினை அணைத்துவிட்டு இறங்கவேண்டும். முதலில் இடது லிங்க், ஏனென்றால் அது அசைந்து கொடுக்காது. அடுத்து வலது லிங்க், ஹேண்டிலைச் சுற்றி உயரம் சரிசெய்து. பிறகு மேலே நடுவில் இருக்கும் டாப் லிங்க், கடைசியில் என்ஜின் சுழற்சியைக் கருவிக்குக் கொண்டுபோகும் பி.டி.ஓ. ஷாஃப்ட். ஷாஃப்ட் பூட்டிக்கொண்டதா என்று பின்னால் ஒருமுறை இழுத்துப் பாருங்கள். 540 ஆர்.பி.எம். என்றால் நொடிக்கு ஒன்பது சுற்று, அந்த வேகத்தில் கழன்றால் என்னவாகும் என்று சொல்லத் தேவையில்லை. ஓட்டை நேராக வந்ததா என்று விரலை விட்டுப் பார்க்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள், ஒரு கம்பி போதும். லாக் பின் தொலைந்தால் வளைத்த ஆணியைச் செருகாதீர்கள். 28 மி.மீ. ஓட்டைக்குள் 22 மி.மீ. பின் போகிறதென்றால் இடைவெளியை நிரப்பும் புஷ் (இரும்பு வளையம்) நடுவில் போடுங்கள், இல்லாவிட்டால் ஆட்டத்திலேயே ரெண்டும் தேயும்.

கழற்றும்போது இதே வரிசை தலைகீழ். டாப் லிங்க் பின்னை உருவும் முன் அதன் நடுக் குழாயைக் கையால் சுற்றிப் பாருங்கள். லேசாகச் சுற்றினால் பாரம் தரைக்குப் போய்விட்டது. இறுக்கமாக இருந்தால் கருவி இன்னும் வண்டியில்தான் சாய்ந்திருக்கிறது, பின்னை உருவினால் அது ஏதோ ஒரு பக்கம் சாயும்.

குவிக் ஹிட்ச் பற்றி நிறையப் பேர் கேட்கிறார்கள். ரெண்டு லோயர் லிங்க், டாப் லிங்க் என மூன்று முனையிலும் மாட்டிய சட்டம் ஒன்று, சீட்டில் உட்கார்ந்தபடியே கொக்கியால் கருவியைக் கவ்வித் தூக்கும். நடுவில் ஆள் போகாமலே மாட்ட முடிவது உண்மையிலேயே பெரிய விஷயம். ஆனால் சட்டத்துக்கென்று ஒரு எடை இருக்கிறது, கருவியும் சில அங்குலம் பின்னுக்குப் போகிறது. வண்டியின் முன்பக்கம் லேசாகும். வண்டி எடையில் 20 சதவீதமாவது முன் அச்சில் இருந்தால்தான் ஸ்டியரிங் பிடிக்கும், ஆகவே முன் வெயிட் கூட்ட வேண்டிவரலாம். பி.டி.ஓ. ஷாஃப்டின் ரெண்டு குழாய்களும் ஒன்றுக்குள் ஒன்று போயிருக்கும் நீளம் குறைந்துவிடும், அதையும் பார்க்கவேண்டும். அந்த ஷாஃப்டை எப்படியும் இறங்கிக் கையால்தான் மாட்டவேண்டும். உள்ளூர்ப் பட்டறையில் செய்த கலப்பை என்றால் இன்னொரு சிக்கல். இரண்டாம் வகை (கேட்டகரி 2) இணைப்புக்கு லோயர் பின்களின் இடைவெளி 825 மி.மீ. இருக்கவேண்டும். பட்டறைக் கலப்பையில் அந்த அளவு கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் கொக்கி கவ்வாது.

வாடகைக்கு ஓட்டி, ஒரே நாளில் ரெண்டு மூன்று கருவி மாற்றுகிறவருக்குக் குவிக் ஹிட்சுக்குப் போடும் பணம் தகும். பருவத்துக்குச் சில தடவை மட்டும் மாற்றுகிற வீட்டில், முதல் செலவு சிமெண்டுத் தளத்துக்குத்தான் போகவேண்டும். உருளும் ஸ்டாண்டு அதற்குப் பிறகு.

சட்டிக்கலப்பைக்கு இதில் எதுவும் முழுமையாகப் பொருந்தாது. அது தானாக நேராக நிற்காது. சுவரில் சாத்தி வைப்பது ஆபத்து. ஸ்டாண்டு இல்லையென்றால் சட்டிகளுக்கு ரெண்டு பக்கமும் அடைகட்டை கொடுத்து, சட்டத்தைத் தூணோடு சங்கிலி போட்டுக் கட்டுங்கள். சட்டியின் விளிம்பு நடைபாதைப் பக்கம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டாம்.

தளம் போடுவதென்றால் கோடை உழவு முடிந்து வண்டி சும்மா நிற்கும் நாட்களில் போடுங்கள். ஒரு வாரமாவது விடாமல் தண்ணீர் கட்டவேண்டும். முழு பலம் வர 28 நாள் ஆகும், அதுவரை ரோட்டவேட்டரை அதன்மேல் இறக்காதீர்கள்.